காதலும் துப்பும்: காயப்பட்ட கலைஞனுக்குக் காவல் யார்?

பினாங்கில் யாரைக் கேட்டாலும் பி. ரம்லி எங்கள் ஊர்ப் பிள்ளை என்பார்கள். 1929 மார்ச் 22இல் இவ்வூரில் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, பாடகராய், இசையமைப்பாளராய், நடிகராய், இயக்குநராய் உயர்ந்தவர் அவர். ஜார்ஜ் டவுனில் அவர் பெயரில் ஒரு சாலையே உண்டு. 1962இல் அவர் இயக்கி நடித்த ‘இபு மெர்துவாக்கு’ (என் மாமியார்) படத்தை விடுதியில் மலாய்த் தோழர்களோடு சேர்ந்து பார்த்த ஓர் இரவில்தான் இக்கட்டுரைக்கான விதை விழுந்தது.

கதை பலருக்கும் தெரிந்ததே. காசிம் செலாமாட் சாக்சபோன் வாசிக்கும் ஏழைக் கலைஞன். அவனைக் காதலித்து மணக்கிறாள் பணக்கார வீட்டுப் பெண் சபாரியா. இசைக்கலைஞன் என்றாலே மாமியார் ஞோஞா மன்சூருக்கு ஆகாது. இளந்தம்பதியர் சிங்கப்பூரை விட்டுப் பினாங்குக்கு வந்து வறுமையில் வாழ்கிறார்கள். பிரசவத்துக்காகத் தாய்வீடு போகிறாள் சபாரியா. சில நாள் கழித்து, அவள் இறந்துவிட்டாள் என்று ஒரு தந்தி வருகிறது. அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பி அழுது அழுதே காசிம் பார்வையை இழக்கிறான்.

படம் முடிந்தபோது அறையில் ஒரே அமைதி. அப்போது எங்கள் தோழி ஒருத்தி கேட்டாள்: “ஏங்க, அந்தத் தந்தி உண்மையா பொய்யான்னு ஒருத்தர்கூடப் போய் விசாரிக்கலையே?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உள்ளம் உடைந்த ஒரு கலைஞன். அவனைச் சுற்றி ஒரு பொய். அந்தப் பொய்யை உடைக்க ஒரு துப்பறிவாளர். இம்மூன்றும் சேர்ந்தால் கிடைப்பதே காதல் மர்மக் கதை என்னும் வகை. ‘இபு மெர்துவாக்கு’வில் முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை. அதனால்தான் அது மர்மக் கதையாகாமல் சோகக் காவியமாக நின்றுவிட்டது. மூன்றாமவர் வந்தால் என்ன ஆகும்?

இரண்டு கேள்விகள், ஒரு முடிச்சு

சாதாரணத் துப்பறியும் கதையில் ஒரு கேள்விதான் இருக்கும்: குற்றம் செய்தவர் யார்? காதல் கதையிலும் ஒரு கேள்விதான்: இருவரும் சேர்வார்களா? காதல் மர்மக் கதை இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போடுகிறது. “நான் நேசிக்கும் இந்த மனிதரை நம்பலாமா?” என்பதே அந்த முடிச்சு. மர்மம் அவிழ்ந்தால்தான் காதல் நிலைக்கும். சில வேளைகளில், மர்மம் அவிழ்வதாலேயே காதல் அறுந்துபோகும்.

தமிழுக்கு இது புதிய சரக்கன்று. 1908இல் வந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ நாவலிலேயே காதலரின் இக்கட்டைத் தீர்க்க வருபவர் துப்பறியும் கோவிந்தன். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் – வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசிலா என்று ஒரு பெரும்படையே வந்தது. நம் பெற்றோர் தலைமுறையில் பலர் தமிழை விரும்பிப் படிக்கப் பழகியதே இவர்களின் கைப்பிடித்துத்தான். ஆயினும் இப்படைப்புகளில் பெரும்பாலும் துப்பறிவாளர் வெளியாள். வருவார், முடிச்சை அவிழ்ப்பார், போய்விடுவார். துப்பறிபவரே காதலில் சிக்கிக்கொண்டால்? அதற்கு நாம் 1964ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

‘புதிய பறவை’யின் பொறி

சிவாஜி பிலிம்ஸ் தயாரித்து தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’ 1964 செப்டம்பரில் வெளிவந்தது. வசனம் ஆரூர்தாஸ், இசை விஸ்வநாதன் – இராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். 1958இல் வந்த ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்ற ஆங்கிலப் படம், அதைத் தழுவி 1963இல் வங்காளத்தில் வந்த ‘சேஷ் அங்கா’ ஆகியவை இதன் முன்னோடிகள்.

சிங்கப்பூரிலிருந்து தமிழகம் திரும்பும் கப்பலில் கோபால் (சிவாஜி கணேசன்) லதாவை (சரோஜாதேவி) சந்திக்கிறான். கப்பல் பயணம் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ‘ரஜூலா’ நினைவு வரும். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. கடல் நடுவில் அறிமுகமாகும் ஒருவரின் பழைய வாழ்க்கை எவருக்கும் தெரியாது; சொன்னதை நம்ப வேண்டியதுதான். மர்மக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் ஏது?

கோபாலுக்கு இரயிலைக் கண்டால் நடுக்கம். சிங்கப்பூரில் தான் மணந்த பாடகி சித்ரா (சௌகார் ஜானகி) இரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று லதாவிடம் சொல்கிறான். இருவருக்கும் மணம் நிச்சயமாகும் வேளையில் இறந்துபோன சித்ராவே உயிரோடு வந்து நிற்கிறாள்! “இவள் என் மனைவி அல்லள்” என்று அவன் கதறுகிறான். ஊர் நம்பவில்லை. அவன் காட்டும் சான்றுகள் ஒவ்வொன்றும் உடைபடுகின்றன.

இங்குதான் பொறியின் நுட்பம் இருக்கிறது. இரயிலில் சிதைந்த உடல் வேறு யாருடையதோ என்று சொல்லிவிட்டால், சித்ரா இறக்கவில்லை என்று வாதிக்க முடியும். அதை மறுக்க கோபாலுக்கு ஒரே வழிதான் உண்டு. அவள் இறந்தது தனக்கு எப்படி உறுதியாகத் தெரியும் என்பதை அவனே சொல்ல வேண்டும். கடைசியில் சொல்கிறான். கோபத்தில் தான் அடித்த அடியில், இதய நோயாளியான அவள் இறந்ததையும், அதை மறைக்க உடலைத் தண்டவாளத்தில் போட்டதையும் ஒப்புக்கொள்கிறான். வந்தவள் போலி சித்ரா. லதாவோ துப்பறிய வந்த காவல்துறை அதிகாரி. அவள் காட்டிய காதல் நடிப்பாகத் தொடங்கியது. ஆனால் நடிப்பாக முடியவில்லை.

ஆங்கில மூலத்தில் பொறியில் சிக்குபவள் ஒரு பெண். தேடி வருபவன் அவளுடைய இறந்துபோன அண்ணன் என்று சொல்லிக்கொள்பவன். எனவே அங்கே காதலுக்கு இடமில்லை. தமிழில் குற்றவாளியின் வாயைத் திறக்க வைத்தது சான்று மட்டுமன்று. தான் நேசிக்கும் ஒருத்தியை இழந்துவிடுவோமோ என்ற அச்சமும்தான். துப்பறிவாளர் வென்ற அதே நொடியில் காதலி தோற்கிறாள். இப்படம் இன்றும் பேசப்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பாட்டுக்கு ஏன் இத்தனை வலிமை?

இவ்வகைக் கதைகளில் இசைக்கலைஞர் அடிக்கடி வருவது தற்செயலன்று. பார்க்க விரும்பாததைக் கண்ணை மூடித் தவிர்க்கலாம். காதை மூடுவது கடினம். பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் மனத்தில் அந்த நிகழ்ச்சி ஒழுங்கான கதையாகப் பதிவதில்லை. ஓர் ஓசை, ஒரு வாசனை, ஒரு வெளிச்சம் என்று துண்டு துண்டாகத் தங்குகிறது. அந்தத் துண்டில் ஒன்று மீண்டும் எதிர்ப்பட்டால், முடிந்துபோனது இப்போது நடப்பதுபோல் உடல் நடுங்கும். இத்தகைய மனநோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல்தான் தன் கையேட்டில் தனிப்பெயரிட்டுச் சேர்த்தது. ஆனால் 1964லேயே இரயில் ஓசைக்கு நடுங்கும் கோபாலை நம் திரை காட்டிவிட்டது. சித்ரா முதலில் மேடையில் பாடும் பாட்டே, பின்னர் சோகச் சாயலோடு திரும்பி வந்து அவனை வாட்டுகிறது. மெட்டு ஒன்றுதான்; முதல் முறை அழைப்பு, இரண்டாம் முறை வழக்கு விசாரணை!

காசிமின் கதை இதற்கு நேர்மாறு. பார்வை இழந்த பிறகு அவனைத் தாங்குவது சாக்சபோன்தான். பினாங்கில் அவனுக்கு அடைக்கலம் தரும் சொம்பியும் அவள் தாயும் அவனைத் துருவித் துருவிக் கேட்பதில்லை. சோறு போடுகிறார்கள், வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆகவே இசை காயத்தைக் கிளறவும் செய்யும், ஆற்றவும் செய்யும். எது நடக்கும் என்பது பக்கத்தில் இருப்பவரைப் பொறுத்தது.

காவலா, கண்காணிப்பா?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். காதல் மர்மக் கதைகளில் “நான் உன்னைக் காப்பாற்றுவேன்” என்னும் நாயகன் நமக்குப் பிடிக்கிறான். ஆனால் காப்பதற்கும் கண்காணிப்பதற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. சுஜாதாவின் ‘பிரியா’ இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நடிகை பிரியாவைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஜனார்த்தனன், வெளிநாடு போகும் அவளைக் கவனித்துக்கொள்ள வழக்கறிஞர் கணேஷை அமர்த்துகிறான். நாவலில் இலண்டன்; 1978இல் ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடித்து வந்த படத்தில் நம் பக்கத்துச் சிங்கப்பூர். ஜனார்த்தனனின் அகராதியில் ‘பாதுகாப்பு’ என்றால் வேலி. கணேஷ் தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டுமானால், யாரிடமிருந்து அவளைக் காப்பது என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்.

கைத்தொலைபேசியை வாங்கி ஒவ்வொரு செய்தியாகப் படிப்பவரும், “எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய்” என்று மணிக்கொரு முறை கேட்பவரும் தம்மைக் காவலராகவே எண்ணிக்கொள்கிறார்கள். நம் விடுதிகளிலும் இது நடக்கிறது, மறுக்க முடியுமா? நல்ல துப்பறிவாளர் உண்மையைத் தேடுகிறார். சந்தேகக்காரரோ தான் முன்பே முடிவு செய்துவிட்டதற்குச் சான்று தேடுகிறார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கிற வேறுபாடு.

மதுரையில் விசாரணை நடந்திருந்தால்

நம் பழைய இலக்கியத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழும் பாட்டுமாய் அமர்ந்திருந்த கோவலனும் மாதவியும் ஒருவர் பாட்டை மற்றவர் தவறாகப் பொருள் கொண்டதால் பிரிகிறார்கள். “நீ யாரை நினைத்துப் பாடினாய்?” என்று கோவலன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னர் மதுரையில் பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியன் ஆராயவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று முன்பே பார்த்திருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரமும் தப்பியிருக்கும். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமும் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமும் வைத்தார். ஒற்றன் சொல்லையும் தனியாக நம்பாதே, மூவர் சொல் ஒத்துவந்தால் ஏற்றுக்கொள் என்பது அவர் காட்டும் வழி. காதலுக்கும் அது பொருந்தும்.

ஆக, காதல் மர்மக் கதையைப் பொழுதுபோக்குக் குப்பை என்று ஒதுக்க வேண்டியதில்லை. கேளாமல் நம்பினால் காசிமின் கதி. நம்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஜனார்த்தனனின் வேலி. இரண்டுக்கும் நடுவே, அன்போடு கேட்கவும் கிடைத்த பதிலைத் தாங்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். லதா கேட்டாள், பதிலைத் தாங்கினாள், கடமையையும் கைவிடவில்லை, காதலையும் மறைக்கவில்லை.

அன்று விடுதியில் கேள்வி கேட்ட தோழிக்கு என் பதில் இதுதான்: காசிமுக்குத் தேவைப்பட்டது கைத்துப்பாக்கி ஏந்திய துப்பறிவாளர் அல்லர். “வா, சிங்கப்பூர் வரை போய்க் கேட்டுவிட்டு வருவோம்” என்று கூட வரும் ஒரு நண்பர். அப்படிப்பட்ட நண்பராக நாம் ஒருவருக்கொருவர் இருப்போமே!