பழைய புத்தகமும் புதிய ஜாவாவும்

ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு டேட்டாபேஸ் என்று தலைப்பு கொடுத்தாகிவிட்டது. அடுத்து என்ன? நேரே நூலகம்தான். அட்டை கிழிந்த ஒரு ஜே.டி.பி.சி. புத்தகம் கிடைத்தது. முதல் புரோகிராமை ஒரு புள்ளி விடாமல் டைப் அடித்தேன். ஓடவில்லை! டிரைவர் கிளாஸே இல்லையாம். இரண்டு நாள் எழுத்துப்பிழை தேடியதுதான் மிச்சம்.

பிழை எங்கே? மைக்ரோசாஃப்டின் ஓ.டி.பி.சி. 1992-ல் வந்தது. ஜாவாவில் ஜே.டி.பி.சி. 1997-ல் சேர்ந்தது. புதுசுக்குத் தனி டிரைவர் கிடைக்காத இடத்தில் பழைய ஓ.டி.பி.சி. வழியாகவே போக ஒரு 'பிரிட்ஜ்' கொடுத்தார்கள். என் புத்தகத்தின் முதல் உதாரணம் அந்தப் பாலம்தான். 2014-ல் வெளியான ஜாவா 8-ல் பாலத்தையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் எங்கே ஓடும்?

உடனே புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்! மைஎஸ்க்யூஎல்லுக்கு உரிய டிரைவர் ஜார் கோப்பை கிளாஸ்பாத்தில் சேர்த்து, டிரைவர் பெயரையும் முகவரி வரியையும் மாற்றினேன். மீதி அப்படியே ஓடியது. கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றும் 1997-ல் இருந்த அதே வேலையைத்தான் இன்றும் செய்கின்றன. ஒன்று மட்டும் கவனம்: ரிசல்ட்செட் முதல் வரிசைக்கு முன்னால் நிற்கும், நெக்ஸ்ட் சொன்னால்தான் நகரும். காலம் எண் 1-ல் ஆரம்பம். அரேயில் பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பழகியவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

இனிமேல்தான் விஷயமே. புத்தகத்தில் சாதாரண ஸ்டேட்மென்ட் முதலில், பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இரண்டு அத்தியாயம் தள்ளி. நம்மில் பலர் 'ரன் ஆயிடுச்சு' என்றதும் முதலாவதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். நானும்தான். லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் கூட்டல் குறி போட்டு வாக்கியத்தோடு ஒட்டியிருந்தேன். டெமோவில் டி'சூசா என்று பெயர் கொடுத்தபோது எர்ரர். பெயர் நடுவே உள்ள ஒற்றை மேற்கோள், வாக்கியத்தின் மேற்கோளை அங்கேயே மூடிவிட்டது! ஜூனியர் தம்பி ஒருவன் சிரித்துக்கொண்டே, பாஸ்வேர்டு கட்டத்தில் மேற்கோளும், 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்ற பொருளில் ஒரு நிபந்தனையும் அடித்தான். கதவு திறந்துவிட்டது. மார்க் பட்டியல் முழுக்கத் திரையில்! எனக்கு முகம் செத்துப் போச்சு. எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. மதிப்பைப் பிறகு தனியாகக் கொடுக்கிறோம். உள்ளே எதை அடித்தாலும் அது வெறும் எழுத்தாகவே நிற்கும், கட்டளையாக மாறாது. டி'சூசாவும் தொல்லையில்லாமல் உள்ளே வருவார். ஆனால் டேபிள் பெயருக்குக் கேள்விக்குறி போட முடியாது, மதிப்புக்கு மட்டும்தான்.

கனெக்‌ஷனை மூடுவதற்குப் புத்தகம் நீளமாக எழுதும். 2011-ல் வந்த ஜாவா 7 முதல், ட்ரை என்பதன் அடைப்புக்குள் திறந்தால் தானே மூடிக்கொள்ளும்.

புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை திருப்பிவிடுவேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியதை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள், ப்ளீஸ்!