கை தூக்குவதும் கடை திறப்பதும்

"படிச்சு முடிச்சதும் யாரெல்லாம் சொந்தத் தொழில் தொடங்கப் போறீங்க?" கல்லூரிக் கருத்தரங்கில் இப்படிக் கேட்டால் அரங்கில் கைகள் மளமளவென்று உயரும். கேம்பஸ் இன்டர்வியூ அன்று அதே கைகளில் பயோடேட்டா இருக்கும். துணிச்சல் இல்லாத பிள்ளைகள் என்று ஏசிவிடலாம். உளவியல் வேறு கதை சொல்கிறது.

எண்ணம் எப்படி உருவாகிறது என்பதற்கு உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-ல் எழுதிய கட்டுரையைத்தான் தொழில்முனைவை ஆராய்பவர்கள் பலர் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கணக்கில் மூன்று கேள்விகள்: இது எனக்குப் பிடிக்கிறதா? வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள்? என்னால் முடியுமா?

நம் ஊரில் இரண்டாவதுதான் பெரிது என்று தோன்றும். "தொழில் பண்றவனுக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஸ்பெயின், தைவான் மாணவர்களை வைத்து ஆய்வாளர்கள் லின்யானும் சென்னும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சுற்றத்தார் பேச்சு பெரும்பாலும் நேராக முடிவைத் தொடவில்லை. மற்ற இரண்டின் வழியாகவே உள்ளே நுழைந்தது. அம்மா தடுப்பதால் மகள் நின்றுவிடுவதில்லை. கேட்டுக் கேட்டு, தனக்கு வராது என்று அவளே நம்பத் தொடங்குகிறாள்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வரும்? செய்து பார்த்த அனுபவமே வலுவான ஊற்று என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. அடுத்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. ஊக்கப் பேச்சின் வலு இவற்றுக்குக் கீழேதான். மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, வராத கடனைக் கேட்கப் போன பிள்ளைக்குக் கோடீஸ்வரர் உரை எதற்கு?

செய்து பார்த்தால் ஆசை கூடும் என்றும் சொல்வதற்கில்லை. நெதர்லாந்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு குட்டி நிறுவனத்தையே நடத்தும் பாடம் இருந்தது. பங்கு விற்று முதல் திரட்டி, பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதை ஆராய்ந்து 2010-ல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது: தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது! தொழில் என்றால் என்ன, தாங்கள் யார் என்பது தெளிந்ததால் இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இது பாடத்தின் தோல்வியாகப் படவில்லை. இருபது வயதில், வீட்டை அடமானம் வைக்காமலே, இது நமக்கானதல்ல என்று தெரிந்துகொள்வது லாபக் கணக்கில்தான் சேரும். சரக்கு விற்காத வாரத்தையும் பார்த்துவிட்டு மறுபடி கை தூக்குபவர் சிலரே இருக்கலாம். எண்ண வேண்டியது அந்தக் கைகளை.

நம் கருத்தரங்குகளிலோ, கைதட்டல் ஓயும் முன்பே கருத்துப் படிவத்தை நீட்டிவிடுகிறார்கள்.