ஒன்றாய்த் திரும்பும் இரண்டு

அந்தத் தம்பி விரல் நுனியில் திருப்பிக் காட்டியது ஒரு சீட்டு இல்லை, இரண்டு! முன்னால் இஸ்பேட் ராணி. அவளோடு ஒட்டிக்கொண்டு பின்னால் ஆட்டின் ஏழு. ஒரு சீட்டின் கனம் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர்தான். இரண்டு சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. இந்தத் துளி இடத்துக்குள்ளே இவ்வளவு பெரிய பொய் உட்கார்ந்திருக்கிறதா!

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து. மேடைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே அவர் கையைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தார். வாரநாளில் அலுவலக வேலை, வாரக்கடைசியில் சீட்டுவித்தை. “எழுதலாமா தம்பி?” என்று கேட்டேன். “தாராளமா எழுதுங்கக்கா. படிச்சா மட்டும் கை வந்துடாது” என்றார்.

வித்தைக்காரர்கள் இதை டபுள் லிஃப்ட் என்பார்கள். கட்டு இடது கையில் இருக்கும். மேலே உள்ள இரண்டு சீட்டை லேசாக எழுப்பி, அடியில் சுண்டுவிரல் நுனியின் சதையை நுழைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் பக்கத்திலிருந்து கட்டு மூடித்தான் தெரியும். பின்பக்கம் மயிரிழை இடைவெளி. வலது கை வந்து அந்த இரண்டையும் ஒன்றாகப் புரட்டும். எல்லாரும் ராணியைப் பார்த்தாயிற்று. மறுபடி குப்புறக் கவிழ்த்து, மேலே இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார். ராணியைப் பத்திரமாக அமுக்கிப் பிடித்திருப்பதாக நீங்கள் நினைப்பீர்கள். பிடித்திருப்பது ஏழு! ராணி இன்னும் கட்டின் தலைமேல்தான் இருக்கிறாள்.

சரி, விரல் வேலையைச் சில மாதத்தில் பழகிவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். புதிதாகப் பழகியவர்கள் இரண்டு சீட்டும் விலகிவிடுமோ என்று இறுக்கிப் பிடிப்பார்கள், ஓரங்களைத் தட்டித் தட்டிச் சரிசெய்வார்கள். ஒற்றைச் சீட்டை யாராவது அப்படிப் பிடிப்பார்களா? அங்கேதான் குட்டு உடைகிறது. இந்தத் தம்பி எனக்கு முதலில் ஒரே ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மா பேச்சுவாக்கில் தோசையைத் திருப்பிப் போடும் அதே அலட்சியம். கைபேசியில் அதைப் படம் பிடித்தோம். அடுத்து இரண்டு சீட்டோடு இன்னொரு படம். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் கட்டைவிரல் வளைவதுகூட ஒரே மாதிரி! எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. தன் கை சாதாரணமாக என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதையே நடிக்கிறார்.

இந்தப் பாடத்தை உலகுக்கு அழுத்திச் சொன்னவர் கனடாவில் பிறந்த வித்தைக்காரர் டாய் வெர்னன் (1894–1992). இயல்பாக இரு என்பதே அவர் மந்திரம். 1922-ல் சிகாகோவில் அவர் புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியிடம் ஒரு சீட்டில் பெயரின் முதலெழுத்துகளைப் போடச் சொன்னார். அதைக் கட்டுக்குள் செருகினால் மறுகணம் மேலே வந்து நின்றது. திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தும் ஹூடினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று பலரும் டபுள் லிஃப்ட்டை வைத்துச் செய்கிற வித்தை அது.

கையைவிட மோசமான காட்டிக்கொடுப்பாளர்கள் மூன்று பேர்: மூச்சு, குரல், கண். திருப்பும் கணத்தில் மூச்சு நிற்கும், பாதி வாக்கியத்தில் பேச்சு அறும், கண் கட்டைப் பார்க்கும். கஸ்டவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு என்னைத் தூக்கிப்போட்டது. வித்தைக்காரர் பந்தை எறிவதுபோல் பாவனை செய்கிறார், பந்து கையிலேயே இருக்கிறது. அவர் கண்ணும் மேலே போனபோது 68 விழுக்காட்டினர் பந்து பறந்ததைப் ‘பார்த்தார்கள்’. கண் கையிலேயே நின்றபோது 32 விழுக்காடு. அதனால்தான் நம் தம்பி சரியாக அந்த நொடியில் நிமிர்ந்து, “உங்க பேரு என்ன ஆன்ட்டி?” என்று கேட்கிறார். கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் யார்தான் பதில் சொல்வார்கள்?

சிங்கப்பூரில் இன்னொரு எதிரி உண்டு: காற்றின் ஈரம். சீட்டு ஊறினால் ஒட்டும், இரண்டுக்குப் பதில் மூன்று எழும்பும். பைசிக்கிள் முத்திரைக் கட்டுகள் போன்றவற்றில் சீட்டின் மேல்பரப்பில் நுண்ணிய குழிகள் இருக்கும். அவற்றில் தங்கும் காற்றில்தான் சீட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. தம்பி கட்டுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்திருக்கிறார், மேடையேறும் முன்தான் புதுக்கட்டைப் பிரிக்கிறார். வெள்ளை ஓரம் உள்ள கட்டாகவே வாங்குகிறார். இரண்டு சீட்டு இம்மி விலகினாலும் அந்த வெள்ளை மறைத்துவிடும்.

இந்த ஊரின் சீட்டுப் பெருமை சின்னதல்ல. ஹியூரன் லோ, கெவின் ஹோ முதலானோரின் ‘தி வெர்ட்ஸ்’ குழு 2012-ல் ‘வெர்ச்சுவோசோ’ கட்டை வெளியிட்டது. விரலிடுக்கில் சீட்டைச் சுழற்றி விசிறும் கார்டிஸ்ட்ரி கலைக்கென்றே வடிவமைத்த கட்டு அது. அங்கே திறமை முழுக்கக் கண்ணுக்கு முன்னால் நடக்கும். மெரினா பே சேண்ட்ஸ் சூதாட்டக்கூடத்திலோ சீட்டுப் போடுபவர் மேசையை விட்டு எழும்போது இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். டபுள் லிஃப்ட்காரருக்கு இந்த இரண்டும் கிடையாது. திறமையைக் காட்டவும் கூடாது, கை வெறுமை என்று நிரூபிக்கவும் கூடாது. நிரூபித்தாலே சந்தேகம் வந்துவிடும். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் கடினம். வேறு வேலையே இல்லாததுபோல் நின்றுகொண்டு இத்தனை வேலை பார்க்க வேண்டுமே!

அடுத்த தடவை வீட்டில் ரம்மிக் கட்டைக் கையில் எடுத்தால் நேராக இரண்டு சீட்டுக்குப் பாயாதீர்கள். கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டாரோடு வாயாடிக்கொண்டே ஒற்றைச் சீட்டைத் திருப்புங்கள். எந்த விரல் முதலில் நகர்கிறது, கண் எங்கே போகிறது, எப்போது மூச்சு விடுகிறீர்கள் என்று ஓட்டிப் பாருங்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் சுண்டுவிரலுக்கு இன்னும் இரண்டு சீட்டு அகப்படவில்லை, ஆனால் ஒற்றைச் சீட்டை நான் ஆள்காட்டி விரலால் திருப்புகிறேன் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும்!