காஞ்சியில் கற்பித்த பன்னிரண்டு

காஞ்சிபுரம் ஒரு காலத்தில் பௌத்தர்களின் பெரிய பாடசாலை. 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், 100-க்கும் மேற்பட்ட மடங்கள், 10,000-க்கும் மேற்பட்ட பிக்குகள் என்று எழுதிவைத்தார். எண்ணிப் பார்த்தாரா, கேட்டு எழுதினாரா என்பது வேறு விஷயம். நாலந்தாவுக்குத் தலைமை தாங்கிய தர்மபாலரும் காஞ்சிக்காரர்தான்.

என்ன கற்பித்தார்கள்? தமிழ்க் காப்பியமான மணிமேகலையிலேயே விடை இருக்கிறது. அதன் கடைசியான 30-ஆம் காதையில், பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் காப்பிய நாயகி மணிமேகலைக்குப் பாடம் சொல்கிறார்.

துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்க வழியும் உண்டு. இவையே புத்தரின் நான்கு வாய்மைகள். காரணத்தைத் தேடிப் போனால் ஒன்றோடொன்று கோத்த 12 கண்ணிகள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இவற்றில் நமக்கு நன்றாகப் பழக்கமானவை வேட்கையும் பற்றும்! அனுபவித்தது மறுபடி வேண்டும் என்பது வேட்கை. கிடைத்ததை விடமாட்டேன் என்பது பற்று. முதல் கண்ணியான பேதைமை அறுந்தால் மற்றவை வரிசையாக அறும். தெய்வ கோபத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

பௌத்தம் இங்கே இருந்ததற்குச் சாட்சியாக, காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த, நின்ற நிலைப் புத்தர் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.