வயிறு நிறைந்த தண்ணீருக்கு மீண்டும் ஏன் பசிக்கிறது?

‘நூற்றாண்டுகளாகச் செத்துக் கிடந்த அருவி ஒரே இரவில் உயிர்த்தெழுந்தது’ என்ற வாசகத்தோடு ஒரு காணொளி வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாசகர் ஒருவர் அதை அனுப்பி, ‘இது உண்மையா, கணினியில் செய்ததா? உண்மை என்றால் அந்த ஆறு இத்தனை காலம் எங்கே போயிருந்தது?’ என்று கேட்டிருக்கிறார்.

காட்சி உண்மைதான். இடம், வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள மால்ஹம் கோவ். நாள், 2015 டிசம்பர் 6. டெஸ்மண்ட் புயல் கொட்டிய மழையில், சுமார் 80 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் சுவரின் உச்சியிலிருந்து தண்ணீர் விழுந்தது. இன்று வாழ்பவர்கள் எவரும் அதற்கு முன் அங்கே அருவியைக் கண்டதில்லை. மழை தணிந்ததும் சுவர் பழையபடி காய்ந்துவிட்டது. காணொளியில் தவறு ‘உயிர்த்தெழுந்தது’ என்ற ஒரு சொல்தான். அந்த ஆறு சாகவே இல்லை. வாசகரின் இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேட, மால்ஹம் கிராமத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே வந்து முடியும் மலைச் சுற்றுப் பாதையைவிடச் சிறந்த இடம் இல்லை.

சுற்று மொத்தம் 12, 13 கிலோமீட்டர். தொலைவைப் பார்த்து எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. முதலில் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சிற்றருவி. அடுத்து, இருபுறமும் சுமார் 100 மீட்டர் சுவர்கள் நெருங்கி நிற்கும் கோர்டேல் ஸ்கார் பள்ளத்தாக்கு. அங்கே பாதை என்று ஒன்று கிடையாது. அருவியின் ஓரமாகப் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டும். மழைக்குப் பிறகு அந்த ஏற்றத்தை முயலக் கூடாது. திரும்பி வேறு வழியாகச் சுற்றிப் போவதே அறிவு. மேலே மால்ஹம் டார்ன் ஏரி. பிறகு வாட்லோஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் மால்ஹம் கோவின் தலைக்கு வந்து சேரலாம். அங்கிருந்து சுமார் 400 படிகள் இறங்கினால் ஊர்.

பாதை நெடுகிலும் பாறை மெருகேற்றியதுபோல் பளபளக்கும். சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் மென்மையானது. கடினத்தன்மை அளவில் அதன் எண் 3. காலணியில் ஒட்டிவரும் மணலின் குவார்ட்சுக்கு 7. ஆண்டு முழுவதும் நடப்பவர்களின் கால்கள் உப்புத்தாள் போலத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல்லை வழுக்குப் பாறையாக்கிவிட்டன. ஈரமான நாளில் இந்தச் சுற்றின் பெரிய ஆபத்து அதுதான்.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் வார்ட் 1812 முதல் 1814 வரை கோர்டேல் ஸ்காரை ஒரு சுவரையே நிரப்பும் அளவுக்குப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பெரிய குகை ஒன்று கூரை இடிந்து விழுந்து இந்தப் பள்ளத்தாக்கு பிறந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். பனிப்பாறைகள் உருகி ஓடிய வெள்ளம் அறுத்த பள்ளம் என்பதே இன்றைய விளக்கம். ஒரே நொடியில் இடிந்து விழுந்தது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மலையில் உண்மையில் வியப்பானவை எல்லாம் மெதுவாக நடப்பவை.

ஏரிக்குத் தெற்கே நடையைத் தொடர்வோம். ஏரி தங்கியிருப்பது நீர் புகாத பழைய பாறையின் மேல். அதிலிருந்து புறப்படும் ஓடை சுண்ணாம்புக்கல் நிலத்தைத் தொட்ட சிறிது தூரத்திலேயே, கூழாங்கற்களுக்கு நடுவே இறங்கி மறைந்துவிடுகிறது. சுழலோ இரைச்சலோ இல்லை. ஐந்தாறு அடிக்கு முன்னால் ஓடை இருந்தது, இப்போது இல்லை. அந்த இடத்துக்கு ‘வாட்டர் சிங்க்ஸ்’ என்றே பெயர். யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்களுக்கு இது அந்நியமாக இராது. அங்கும் அடியில் சுண்ணாம்புக்கல்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் நிற்கிறது, கீரிமலையில் கடலோர ஊற்றாக வெளிவருகிறது.

கல்லுக்குள் ஆறு போகுமளவு வழி எப்படி வந்தது? சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் வெளுக்கும் என்று பள்ளியில் படித்தோம். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெளுத்தது மறுபடி தெளிந்துவிடும். கல் கரைவது அந்த இரண்டாம் பாதியில்தான். கரியமில வாயு கலந்த தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைத் தின்கிறது. எவ்வளவு தின்னும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வாயு. வாயுவே இல்லாத தூய நீர் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் கல்லோடு நிறுத்திக்கொள்ளும். திறந்த காற்றைத் தொட்ட நீர் 60 அளவுக்குப் போகும். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணின் வழியாக வடிந்த நீர் 200ஐத் தொடும். மழையை விட மண்தான் இந்த மலையின் பெரிய எதிரி.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. அப்படிப் பசியோடு இறங்கும் நீர், மேலே உள்ள சில மீட்டர் கல்லிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டுவிடும். நிறைந்த நீரால் மேற்கொண்டு ஒரு துகளையும் கரைக்க முடியாது. அப்படியானால் பல பத்து மீட்டர் ஆழத்தில் உள்ள குகைகளைக் குடைந்தது யார்?

1964இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஆல்ஃபிரட் பேக்லி தந்த விடை, நான் அறிந்த வேதியியல் விடைகளிலேயே அழகானது. வயிறு நிறைந்த இரண்டு நீர்கள் சந்தித்துக் கலந்தால், கலந்த நீருக்கு மீண்டும் பசிக்கும் என்றார் அவர்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு என்பது கல். அதைச் செரித்து வயிற்றில் வைத்திருக்க உதவும் இஞ்சிச் சாறு என்பது கரியமில வாயு. இந்தப் பந்தியில் விசித்திரமான ஒரு விதி உண்டு. ஒரு பிடி சோறு தங்க ஒரு தம்ளர் சாறு போதும். இரண்டு பிடிக்கு இரண்டு தம்ளர் போதாது, எட்டு வேண்டும். மூன்று பிடிக்கு 27. கன எண் கணக்கு. சுண்ணாம்பு கூடக் கூட, அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கத் தேவையான வாயு ஏறத்தாழ இப்படித்தான் எகிறுகிறது.

இப்போது ஒருவர் ஒரு பிடி உண்டு, ஒரு தம்ளர் குடித்து நிறைவாக எழுகிறார். இன்னொருவர் மூன்று பிடி உண்டு, 27 தம்ளர் குடித்து நிறைவாக எழுகிறார். இருவருக்கும் இனி ஒரு பருக்கையும் இறங்காது. விருந்தாளிகளைக் கலக்க முடியாது, தண்ணீரைக் கலக்கலாம். கலந்து இரண்டாகப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு பிடி சோறு, 14 தம்ளர் சாறு. இரண்டு பிடிக்குத் தேவை எட்டுதான். ஆறு தம்ளர் மிச்சம்! யாரும் புதிதாகச் சாறு ஊற்றவில்லை, யாரும் உண்டதைக் குறைக்கவும் இல்லை. கலந்தது மட்டுமே நடந்தது, பசி வந்துவிட்டது. இருவரும் மீண்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மால்ஹம் மலையில் பந்திக்குப் பல வாசல்கள். புல்வெளி மண்ணில் வடிந்த நீர் வேறு, வெற்றுப் பாறை மேல் விழுந்து நேராக இறங்கிய மழை வேறு, கரிச்சதுப்பில் ஊறி வந்தது வேறு. ஒவ்வொன்றும் தன் விரிசல் வழியே தன் அளவுக்கு உண்டு நிறைந்து இறங்குகிறது. இரண்டு விரிசல்கள் கூடும் முனையில் நீர்கள் கலக்கின்றன, அந்த முனையில் கல் கரைகிறது, வழி அகல்கிறது, அகன்ற வழி இன்னும் அதிக நீரை இழுக்கிறது.

இந்த அழகில் மயங்கி, எல்லாக் குகைகளையும் கலப்பு ஒன்றே குடைந்தது என்றும் சொல்லிவிடக் கூடாது. பின்வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வயிறு நிறையப் போகும் நேரத்தில் தண்ணீர் மிக மிக மெதுவாகத்தான் உண்கிறது. அந்தக் கடைசிப் பசி ஆறாமலே அது வெகு ஆழம்வரை போய்விடுகிறது. இரண்டு வழிகளும் சேர்ந்துதான் மலையைக் குடைந்திருக்கின்றன.

வேகத்தை அளக்க அருகிலேயே ஓர் அளவுகோல் உண்டு. இங்கிருந்து மேற்கே நார்பர் என்ற இடத்தில், பனிப்பாறை சுமந்துவந்து இறக்கிய கரும்பாறைகள் சுண்ணாம்புக்கல் பீடங்களின் மேல் நிற்கின்றன. பாறை குடையாக நின்ற இடம் கரையவில்லை. சுற்றிலும் தரை கரைந்து தாழ்ந்துவிட்டது. பீடத்தின் உயரம் ஒன்றிரண்டு சாண். பனி விலகி 15,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆயிரம் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலடியில் படிந்த கல், இந்த நிதானத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

போனது அனைத்தும் போனதாகவே இருப்பதும் இல்லை. கோர்டேல் ஸ்காரில் கையால் பிடித்து ஏறினோமே, அந்தப் பாறை பழைய மலைக்கல் அல்ல. கல்லை உண்டு வந்த நீர் அருவியாகச் சிதறும்போது கரியமில வாயுவை ஏப்பமாக விட்டுவிடுகிறது. சாறு தீர்ந்த வயிற்றில் சோறு தங்காது. சுண்ணாம்பு பாசியின் மேலேயே படிந்து, துளை துளையான புதுக் கல்லாகிறது. நம் வீட்டு வெந்நீர் ஹீட்டரில் ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவும் இந்த வகைதான். ஜேனட்ஸ் ஃபாஸ் அருவியும் இப்படிப்பட்ட புதுக் கல்லின் மேல்தான் விழுகிறது.

அதனால்தான், சுண்ணாம்புக்கல் கரைந்து காற்றின் கரியமில வாயுவை விழுங்குகிறது, ஆகவே இந்த மலைகள் புவியைக் குளிர்விக்கும் என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். கரையும்போது எடுத்த வாயுவை, எங்கோ ஓர் அருவியிலோ கடலடியிலோ மீண்டும் படியும்போது தண்ணீர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நீண்ட காலக் கணக்கில் வரவும் செலவும் சரி. பசால்ட், கிரானைட் போன்ற பாறைகளின் கதை வேறு. அவை கரையும்போது எடுத்த வாயுவில் ஒரு பங்கு உண்மையிலேயே மிஞ்சும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அறிவியல் ஆகாது.

சரி, அந்த ஆறு எங்கே போனது? வாட்டர் சிங்க்ஸில் இறங்கிய நீர், நேர் கீழே உள்ள மால்ஹம் கோவின் அடியில் வெளிவரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நீரில் வேதிப்பொருள்களைக் கலந்து தொடர்ந்து பார்த்தார்கள். அந்த நீரில் பெரும்பகுதி மால்ஹம் கோவைத் தாண்டி, ஊருக்கும் தெற்கே ஏர் ஹெட் ஊற்றுகளில் எழுகிறது. கோவின் அடியில் வருவதோ, வடமேற்கே வேறோர் இடத்தில் இறங்கிய நீர். இரண்டு ஓடைகள் நிலத்துக்குள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன.

பனியுகத்தில் நிலம் உறைந்து இந்த வழிகள் அடைபட்டிருந்தபோது, உருகிய வெள்ளம் மேலேயே ஓடி வாட்லோஸை வெட்டியது, மால்ஹம் கோவ் சுவரிலிருந்து அருவியாக விழுந்தது. உறைவு விலகியதும் நீர் உள்ளே இறங்கிவிட்டது. 2015இல் நடந்தது ஒன்றுதான்: உள்ளே கொள்ளும் அளவைவிட அதிகமாக மழை வந்தது, மிச்சம் பழைய பாதையில் வழிந்தது.

அந்தக் காணொளி மறுபடி வந்தால், உச்சியிலிருந்து விழும் வெள்ளத்தைப் பார்த்த பிறகு சுவரின் அடியையும் ஒருமுறை பாருங்கள். மற்ற எல்லா நாள்களிலும் அங்கிருந்து ஓர் ஓடை சத்தமின்றி வந்துகொண்டிருக்கிறது, வயிறு நிறைய மலையோடு.