உள்ளேன் ஐயா!

2016-ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் பி.பி.சி. ஓர் அரிய பரிசு வழங்கியது. 'மைக்ரோபிட்' என்னும் அந்த மின்பலகை உள்ளங்கையில் அடங்கிவிடும். 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவையும் திசையையும் உணரும் கருவிகள், வெறும் 16 கிலோபைட் நினைவகம். சுமார் 10 லட்சம் பலகைகள் இலவசமாகத் தரப்பட்டன.

தான் எழுதிய நிரல் விளக்காய் ஒளிர்வதைக் காணும் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டே பலகை என்றால் என்ன செய்வது? பலகைக்கு மென்பொருள் எழுதுவோர் பாடும் எளிதல்ல. ஒவ்வொரு திருத்தத்தையும் பலகையில் ஏற்றிக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இதற்கு வழி, பலகையையே கணிப்பொறிக்குள் நடிக்க வைப்பதுதான். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட கியூ-எமு என்ற இலவச மென்பொருள் இத்தகைய நடிப்பில் கைதேர்ந்தது. 2018 கோடையில், பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் அதற்கு மைக்ரோபிட் வேடம் கட்டினர்.

முதலில் பலகையின் மூளையான கார்ட்டெக்ஸ்-எம்0 சில்லின் கட்டளைகளைப் புரியவைத்தனர். பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்தனர். நிரல் ஒரு குறிப்பிட்ட முகவரியில் எழுத்தை இட்டால், அது நம் திரையில் தோன்ற வேண்டும். வேறொன்றைப் படித்தால் கடிகாரக் கணக்கு கிடைக்க வேண்டும்.

ஓரிடத்தில் சிக்கல். பலகையின் மென்பொருள் விழித்தவுடன் அசைவுக் கருவியையும் திசைக் கருவியையும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அக்கருவிகளை முழுதாகச் செய்வது பெரிய வேலை. எனவே, வகுப்பில் நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" சொல்வதுபோல், எதிர்பார்த்த பதிலை மட்டும் தரும் சிறு துண்டு ஒன்றை எழுதினர். மென்பொருளும் நம்பி மேலே நடந்தது!

2018 டிசம்பரில் வெளிவந்த 3.1 பதிப்பில் மைக்ரோபிட் இடம்பெற்றது. பலகை முழுவதையும் படியெடுக்கத் தேவையில்லை, நிரல் கேட்கும் கேள்விக்குப் பதில் இருந்தால் போதும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம். ரேடியோ போன்றவை அதில் இல்லை. ஆகவே இறுதிச் சோதனைக்கு அசல் பலகை வேண்டும். அதுவரை, பலகை வாங்க இயலாத பிள்ளையும் அதன் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.