கருப்பைக்கு ஆவி பிடித்தால் குழந்தை தங்குமா?

குழந்தைப்பேறு வேண்டி என்னிடம் வரும் பெண்களின் ஃபைலில் இப்போதெல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் ஸ்பா பில் இருக்கிறது. ஏழு நாள் எண்ணெய் மசாஜ், நீராவிக் குளியல், 'கருப்பைச் சுத்திகரிப்பு' என்று பேக்கேஜ் போட்டு வாங்கியிருக்கிறார்கள். நீலகிரியில் எமரால்டு, இத்தலார், மஞ்சூர் பக்கம் தேயிலை பறிக்கும் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் அதையே வீட்டில் செய்துகொள்கிறார்கள். இரு தரப்பாரும் வந்து சேரும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

"கர்ப்பப்பை குளுந்து போச்சாம்"

மலையில் அதிகம் கேட்கும் பேச்சு இது. "இந்தக் குளிருல கர்ப்பப்பை குளுந்து போச்சாம் டாக்டரம்மா, சூடேத்தினா தங்குமாம்" என்பார்கள். சமவெளிக்குப் போனால் இதே பேச்சு 'கர்ப்பப்பைச் சூடு' என்று தலைகீழாகிவிடும். ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் உடம்பின் உட்புற வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். கருப்பை குளிர்வதும் இல்லை, அதைச் சூடேற்ற வேண்டியதும் இல்லை.

அடுத்தது, 'அழுக்கு சேர்ந்திருக்கிறது, ஆவி பிடித்தால் இறங்கும்' என்பது. மாதாமாதம் உள்சவ்வு தானே உரிந்து வெளியேறுகிறது. அதற்கு மேல் கழுவ அங்கே எதுவும் இல்லை. தைல இலையைக் கொதிக்கவைத்து, அந்தப் பானைமேல் முக்காலி போட்டு உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். இரண்டு தொடையின் உட்புறமும் தோல் வழன்று, சேலை பட்டாலே துடித்தார். திருமணமாகி ஒன்பது வருடம். கணவருக்கு அதுவரை ஒரு பரிசோதனைகூடச் செய்யவில்லை. செய்து பார்த்தால் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. குறை அவரிடம் இருக்க, வெந்தது இவர்.

நீலகிரித் தைலத்தை அடிவயிற்றில் தேய்த்தால் தோல் எரியும், அவ்வளவே. சிலர் இரண்டு சொட்டு உள்ளுக்கும் கொடுக்கிறார்கள். அது விஷம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிறப்புறுப்புக்குள் மூலிகை உருண்டை வைப்பதும் வேண்டாம். கிருமித்தொற்று மேலேறினால், நன்றாக இருக்கும் கருக்குழாயும் அடைபட்டுப்போகும்.

"வெளிநாட்டில் ராணிகளே போனார்களே!"

போனார்கள், உண்மைதான். இங்கிலாந்து ராணி மேரி 1687-ல் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் குளித்தார், 1688-ல் மகன் பிறந்தான். ஊற்றுக்குப் பேர் வந்தது. ஆனால் மேரிக்கு அதற்கு முன்பே குழந்தைகள் பிறந்து இறந்திருந்தன. கருத்தரிக்க முடியாதவர் அல்ல அவர். அவருக்கு முன்னால் ராணியாக இருந்த கேத்தரின் 1663-ல் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊற்றுக்குப் போனார். அவருக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. செக் நாட்டில் ஃபிரான்டிஷ்கோவி லாஸ்னே என்ற ஊர் குழந்தையில்லாப் பெண்களுக்கான சேற்றுக் குளியலுக்குப் பேர்போனது. அங்கே ஒரு சிறுவன் சிலை உண்டு, தொட்டால் கரு தங்கும் என்று நம்புகிறார்கள். நம் ஊரில் அரசமரம் சுற்றுவதைப்போல. போய்வந்து பிள்ளை பெற்றவர்கள் கதை சொல்வார்கள், பெறாதவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இந்த நம்பிக்கைகள் சாவதில்லை.

மசாஜ் செய்தால் உடம்பு தளரும், தூக்கம் வரும், மனசு கொஞ்சம் ஆறும். மாமியார் வீட்டுப் பேச்சைக் கேட்டு நொந்தவளுக்கு அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அடைத்த குழாயை அது திறக்காது. முட்டை வெளிவராத நீர்க்கட்டிப் பிரச்சினையையோ தைராய்டையோ சரிசெய்யாது. நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே அது உள்ளே வடுவாக்கிவிடும். எண்ணெய் அங்கே எட்டுமா?

ஆபத்து எங்கே?

குழந்தைக்காக முயற்சி செய்பவர், கரு தங்கியதே தெரியாத முதல் வாரங்களில் நீராவி அறைக்குள் உட்காரக்கூடும். அப்போது உடல்வெப்பம் 39 டிகிரிக்கு மேல் போனால் சிசுவின் தண்டுவட வளர்ச்சியில் குறை வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே குழாய் பழுதானவருக்கு நாள் தள்ளிப்போய் வயிறு வலித்தால் அது குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். அந்த வயிற்றை அமுக்கித் தேய்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் உயிருக்கே வினை.

தம்பதி பேக்கேஜ் என்று கணவரையும் வெந்நீர்த் தொட்டியில் இறக்குகிறார்களே, அது இன்னும் மோசம். விந்தணு உருவாக உடல்வெப்பத்தைவிடக் குளிர்ச்சி வேண்டும். அது உருவாக இரண்டரை மாதம் ஆகும். இன்று பட்ட சூட்டின் பாதிப்பு அந்த இரண்டரை மாதமும் தெரியக்கூடும்.

இன்னொரு கூட்டம், தோழி சொன்னாள் என்று முட்டை வளர மெடிக்கலில் க்ளோமிஃபீன் வாங்கி, ஸ்கேனும் இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குகிறது. அது தலைவலி மாத்திரையா? முட்டைப்பை வீங்கலாம், இரட்டை, மூன்று என்று கரு தங்கலாம். கணவரிடம் குறை இருந்தால் அத்தனையும் வீண்.

பரிசோதனைகள்

காரணம் தெரிய முதலில் செய்ய வேண்டியவை இவை: தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குழாய்ப் பரிசோதனை, கணவருக்கு விந்துப் பரிசோதனை.

எப்போது வரவேண்டும்?

சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடம் ஆகியும் தங்கவில்லை என்றால் வாருங்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர் ஆறே மாதத்தில் வரவேண்டும். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். முட்டை இருப்பு வயதோடு இறங்கும், எந்த எண்ணெயும் அதை ஏற்றித் தராது. பெண்களே, கெஞ்சிக் கேட்கிறேன், ஸ்பாவுக்குப் போட்ட பணம் போகட்டும், அதில் கழியும் வருடங்களை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எடை கூடியிருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே நீர்க்கட்டிக்காரர்கள் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருவுக்கு முன்பே தொடங்குங்கள்.

மாமியார்களே, அடுத்த முறை மருமகளைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். மகனையும் கூட அனுப்புங்கள். இரண்டு மூன்று நாள் உறவைத் தவிர்த்துவிட்டு அவர் வந்தால் போதும், ஊசிகூட இல்லாதது அந்த விந்துப் பரிசோதனை. பெண்ணுக்கு ஒரு மருந்து எழுதும் முன்னால் நான் பார்க்க விரும்புவது அந்த ரிப்போர்ட்டைத்தான்.